கார் ஷெட்டில் ஒரு தச்சுப் பட்டறை... மெஷின் வாங்கும் முன் இதையெல்லாம் கவனிங்க!

நம் ஊர்த் தனி வீடுகளில் ‘கார் ஷெட்’ என்று ஓர் இடம் இருக்கும். பெயர்தான் கார் ஷெட். உள்ளே போய்ப் பார்த்தால் ஓடாத சைக்கிள், போன கோடையோடு ஓய்ந்த ஏர்கூலர், கொலுப் படிகள், பெயின்ட் டப்பா, யாருக்கும் சொந்தமில்லாத ஒற்றைச் செருப்பு என எல்லாம் இருக்கும். கார் மட்டும் தெருவில் வெயிலில் நிற்கும்!

இந்த இடத்தைச் சுத்தம் செய்து, மரவேலை செய்யும் சின்னப் பட்டறையாக மாற்றும் ஆசை இப்போது பலருக்கு வந்திருக்கிறது. பணி ஓய்வு பெற்ற அப்பாக்கள், வாரம் முழுக்க லேப்டாப் முன் உட்கார்ந்திருக்கும் ஐ.டி இளைஞர்கள், ‘இந்த ஷெல்ஃபை நானே செஞ்சிருப்பேனே’ என்று நினைக்கும் இல்லத்தரசிகள் என்று பட்டியல் நீள்கிறது. நல்ல ஆசைதான். ஆனால், ஆசை வந்த அடுத்த நிமிடம் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றே ஒன்று. செல்போனை எடுத்து மெஷின் ஆர்டர் போடுவது.

திருச்சியில் இருக்கும் என் பெரியப்பாவும் அதைத்தான் செய்யப் பார்த்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காரை மகனிடம் கொடுத்துவிட்டதால் ஷெட் காலி. அவரைத் தடுத்தவர் அதே தெருவில் இருக்கும் வயதான ஆசாரி ஒருவர். 40 வருடங்களுக்கு மேல் உளி பிடித்தவர். இடது கை ஆள்காட்டி விரலில் பாதி இருக்காது. “சார், மெஷினைக் கடைசியா வாங்கலாம். மொதல்ல காத்து, கரன்ட்டு, மேசை. இந்த மூணையும் சரி பண்ணுங்க” என்றார். கேட்கச் சாதாரணமாக இருக்கும் இந்த வரிசைக்குப் பின்னால் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்பதுதான் இந்த வாரக் கட்டுரை.

முதலில் டேப்பை எடுங்கள்

தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி ஒரு கார் நிறுத்தும் இடம் என்பது 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். அதாவது சுமார் 8 அடிக்கு 16 அடி. முழு பிளைவுட் ஷீட் 8 அடிக்கு 4 அடி. ஷெட்டின் அகலமும் ஷீட்டின் நீளமும் ஏறக்குறைய ஒன்று என்பதால், முழு ஷீட்டை உள்ளே வைத்துத் திருப்பவே முடியாது. கவலை வேண்டாம். பல பிளைவுட் கடைகளிலேயே நாம் சொல்லும் அளவுக்கு அறுத்துத் தருகிறார்கள். பெரிய அறுப்பைக் கடையில் முடித்துவிட்டால், வீட்டில் பெரிய மெஷினுக்கே தேவை குறைந்துவிடும்.

இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் இதைச் செய்யாதீர்கள். அது எல்லோரும் புழங்கும் இடம், தீப்பிடித்தால் மேலே இருக்கும் அத்தனை குடும்பங்களுக்கும் ஆபத்து. தனி வீடாக இருந்தாலும், அப்ரூவல் பிளானில் பார்க்கிங் என்று காட்டிய இடத்தைச் சுவர் எழுப்பி அறையாக மூடுவது விதிமீறல் ஆகலாம். மூட வேண்டிய அவசியமும் இல்லை. கம்பிக் கதவு வழியே காற்று வந்துபோகும் ஷெட்தான் மரவேலைக்கு நல்லது.

வெள்ளம் வரும் ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல வீடுகளில் ஷெட்டின் தரை வீட்டுத் தரையைவிடத் தாழ்வாக இருக்கும். 2015-லும், 2023 மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தண்ணீர் முதலில் நுழைந்தது இந்த மாதிரி இடங்களில்தான். பிளக் பாயின்ட் இடுப்பு உயரத்துக்கு மேலே இருக்கட்டும். மரமும் கருவிகளும் தரையில் வேண்டாம், சுவரில் ஏறட்டும். கரையான் தொல்லைக்கும் இதுவே பாதி மருந்து.

காற்று: பெரியம்மாவின் புகார் சரிதான்

பெரியப்பா முதல் நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது பெரியம்மா போட்ட சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கும். கொடியில் காய்ந்த துணி, ஜன்னல் ஓரம் இருந்த ஊறுகாய் ஜாடி எல்லாவற்றின் மேலும் மாவு போலத் தூள். “இது பட்டறையா, ரைஸ் மில்லா?” என்று கேட்டாராம்.

கண்ணுக்குத் தெரிகிற தூளைத் துடைத்துவிடலாம். தெரியாத மென்தூள்தான் பிரச்னை. அது மணிக்கணக்கில் காற்றில் மிதந்து நேராக நுரையீரலுக்குள் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மரத்தூளை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. வருடக்கணக்கில் மரத்தூளில் வேலை பார்த்தவர்களுக்கு மூக்கிலும் அதை ஒட்டிய சைனஸ் அறைகளிலும் வரும் புற்றுநோய்தான் காரணம். வாரம் 2 மணி நேரம் வேலை செய்பவர் பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால், வீட்டில் வீசிங் இருக்கும் குழந்தையோ, ஆஸ்துமா இருக்கும் பாட்டியோ இருந்தால் சின்ன அளவுகூடத் தொல்லைதான்.

செய்ய வேண்டியது எளிது. ஷெட்டிலிருந்து வீட்டுக்குள் திறக்கும் கதவையும் ஜன்னலையும் வேலை நேரத்தில் மூடுங்கள். தூளை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை, பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்காத பக்கமாக மாட்டுங்கள். முகத்தில் துண்டு கட்டினால் போதாது, என்95 மாஸ்க் வேண்டும். முடித்ததும் துடைப்பத்தால் பெருக்கினால் அடங்கிய தூள் மறுபடி எழும்பும். வேக்குவம் கிளீனர் அல்லது ஈரத்துணிதான் சரி. உடுத்தியிருந்த சட்டையோடு வந்து பேரக்குழந்தையைத் தூக்காதீர்கள்.

பழைய கதவு, ஜன்னல் வாங்கி மறுபடி பயன்படுத்துபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. வீட்டு பெயின்ட்டில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட்டில் ஈயம் நிறைய இருக்கலாம். அதைக் காய்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத்தூள் வீடெங்கும் பறக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு அது. கைக்குழந்தையும் கர்ப்பிணியும் இருக்கும் வீட்டில் பழைய பெயின்ட் மரத்தைத் தொடவே வேண்டாம்.

கரன்ட்: வீட்டு பிளக்கில் மாட்டலாமா?

ஷெட்டில் பெரும்பாலும் ஒரு பல்பும், ஒரு 6 ஆம்பியர் பிளக்கும்தான் இருக்கும். 230 வோல்ட்டில் அந்த பிளக் அதிகபட்சம் சுமார் 1,380 வாட் தாங்கும். 2,000 வாட் மெஷின் ஒன்று ஓடும்போதே 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் இதைப்போலப் பல மடங்கு. 6 ஆம்பியர் பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இழுத்தால் வயர் சூடாகும். சுருட்டிய நிலையிலேயே எக்ஸ்டென்ஷன் வயரைப் பயன்படுத்தினால் இன்னும் சீக்கிரம் சூடாகும். பக்கத்திலேயே மரத்தூள் குவியல். மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியனை வைத்து மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள். தனி எம்.சி.பி, 16 ஆம்பியர் பிளக் 2, எர்த் கட்டாயம். கூடவே 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. உடம்பு வழியாகக் கரன்ட் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிப்பது அதுதான். விளக்கு வேறு லைனில் இருக்கட்டும். மெஷின் ட்ரிப் ஆகும்போது, சுற்றிக்கொண்டிருக்கும் பிளேடோடு இருட்டில் நிற்கும் நிலை வரக் கூடாது. செய்த பொருள்களை விற்கத் தொடங்கினால் வீட்டு இணைப்பிலேயே தொடரலாமா என்பதை உங்கள் மின்வாரிய அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மேசை: ஆசாரியின் முதல் பாடம்

பெரியப்பாவுக்கு ஆசாரி முதலில் செய்யச் சொன்னது ஒரு வேலை மேசை. உயரம் எவ்வளவு என்றதற்கு அவர் டேப் எடுக்கவில்லை. “நேரா நில்லுங்க சார், கையைத் தொங்க விடுங்க. மணிக்கட்டு எங்க வருதோ அதான் உங்க மேசை உயரம்” என்றார். குனிந்து வேலை செய்தால் முதுகு போகும், அதிக உயரமாக இருந்தால் இழைப்புளியைத் தள்ள உடம்பின் பலம் இறங்காது. கனமான மேசையாக இருக்கட்டும். ஆடுகிற மேசையில் நேரான வேலை வராது. ஓரத்தில் ஒரு வைஸ், கூடவே 4 கிளாம்ப். மரத்தைப் பிடித்துக்கொள்ளும் வேலையைக் கிளாம்ப் செய்தால்தான், கை அறுப்புப் பாதையிலிருந்து விலகி இருக்கும்.

அதன் பிறகு கைக்கருவிகள். டேப், மூலமட்டம், நல்ல கைரம்பம், கால் அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை 3 உளி, கொட்டாப்புளி, ஒரு இழைப்புளி, தீட்டுக்கல். இவ்வளவுதான். இவற்றை வைத்தே முக்காலி, மணை, புத்தக அலமாரி எல்லாம் செய்யலாம்.

தீட்டுக்கல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். கூர் மழுங்கிய உளிதான் அதிகம் வெட்டும் என்பது ஆசாரியின் அனுபவம். கூராக இருந்தால் லேசாகத் தள்ளினாலே போகும். மழுங்கியிருந்தால் முழு பலத்தையும் போட்டுத் தள்ளுவோம், வழுக்கினால் அந்த பலம் முழுவதும் எதிரே இருக்கும் கையில் இறங்கும். பெரியப்பா முதல் 10 நாள்கள் மரத்தையே தொடவில்லை. உளி தீட்டினார், வேண்டாத கட்டையில் கோடு போட்டுக் கோட்டிலேயே அறுக்கப் பழகினார். “ரிட்டயர் ஆனதுக்கப்புறம் மறுபடி ஒண்ணாங் கிளாஸ்ல சேர்ந்த மாதிரி இருக்கு” என்றார் என்னிடம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பல நாள்களாகப் பார்த்ததில்லை.

கைக்கருவிகளுக்கு இன்னொரு லாபமும் உண்டு. சத்தம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பதுதான் நம் நாட்டு ஒலி மாசு விதி. அறுக்கும் மெஷின் பக்கத்தில் நிற்பவருக்கு 100 டெசிபல் வரைகூடக் கேட்கும். காதுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் அந்தச் சத்தத்தை ஒரு நாளில் 15 நிமிடத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது அமெரிக்காவின் பணிச்சூழல் ஆய்வு நிறுவனமான நியோஷ். காதடைப்பான் உங்கள் காதைக் காப்பாற்றும், பக்கத்து வீட்டின் மதியத் தூக்கத்தைக் காப்பாற்றாது. பரீட்சை நேரத்தில் மெஷினுக்கு லீவு விட்டுவிடுங்கள்.

4 அங்குல கட்டர்: விரல் போவது இப்படித்தான்

சரி, மெஷின் வாங்கும் நேரம் வந்துவிட்டது. இங்கேதான் பலர் பெரிய தவற்றைச் செய்கிறார்கள். கல், டைல்ஸ் அறுக்கும் 4 அங்குல மார்பிள் கட்டரிலோ, ஆங்கிள் கிரைண்டரிலோ மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டிவிடுவது. விலை குறைவு, எங்கும் கிடைக்கும், கைக்கு அடக்கம். அதனால் இது சகஜமாகிவிட்டது.

அந்த மெஷின்கள் நிமிடத்துக்கு 11,000 முதல் 13,000 முறை வரை சுற்றும். மரத்துக்கென்றே செய்த 7 அங்குல சர்க்குலர் சா ஏறக்குறைய 5,000 முறைதான் சுற்றும். கல் அறுக்கும் பிளேடு விளிம்பு தேய்த்துக்கொண்டே போகும், மரத்தின் பல் பிளேடோ கவ்வி இழுக்கும். மரம் பாதி அறுபட்டதும் இரண்டு பக்கமும் நெருங்கி வந்து பிளேடைப் பிடித்துக்கொள்ளும். அந்த நொடியில் மெஷின் அறுப்பிலிருந்து துள்ளி, பிடித்திருப்பவரை நோக்கியே பாயும். பலர் வசதிக்காக கார்டைக் கழற்றிவிட்டு, ஒரு கையில் மெஷினும் மறு கையில் மரமுமாக அறுக்கிறார்கள். ஆசாரியின் விரல் போனது அப்படித்தான். “முப்பது வருஷம் கைரம்பத்துல அறுத்தேன், ஒரு கீறல் கிடையாது. அவசரத்துக்கு அந்த மெஷினை எடுத்தேன், ஒரு செகண்டு” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

மரத்துக்கென்று செய்த சர்க்குலர் சா வாங்குங்கள், அதன் கார்டைக் கழற்றாதீர்கள். மரத்தைக் கிளாம்ப் போட்டு, இரு கைகளாலும் மெஷினைப் பிடியுங்கள். பிளேடு மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். கண்ணாடி கட்டாயம். சுற்றும் மெஷின் அருகே கையுறை கூடாது, நூல் சிக்கினால் கையையே இழுத்துவிடும். லுங்கி, துப்பட்டா, முந்தானை, தொங்கும் செயின், விரித்த கூந்தல் எதுவும் வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் வேலை வேண்டாம், மது அருந்திவிட்டு வேண்டவே வேண்டாம்.

அப்படியும் விபத்து நேர்ந்தால்? சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். 108-க்கு போன் செய்யுங்கள். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்த கவரை ஐஸ் மேல் வையுங்கள். விரலை நேரடியாக ஐஸில் போட்டால் திசுக்கள் கெட்டுவிடும், பிறகு ஒட்டவைப்பது கஷ்டம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் ஊருக்கு அருகில் இந்த வசதி எங்கே இருக்கிறது என்று இன்றே விசாரித்து, ஷெட் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

எண்ணெய்த் துணி தானாக எரியுமா?

எரியும். மரத்துக்குப் பளபளப்பு கொடுக்க லின்சீட் ஆயில் எனப்படும் ஆளிவிதை எண்ணெய் பூசுவார்கள். அது காற்றோடு சேர்ந்து காயும்போது சூட்டை வெளியிடும். துணி விரிந்திருந்தால் சூடு காற்றில் போய்விடும். கசக்கி மூலையில் எறிந்தால் சூடு உள்ளேயே ஏறிக்கொண்டே போய், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும்.

1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் 38 மாடிகள் கொண்ட ‘ஒன் மெரிடியன் பிளாசா’ கட்டடத்தில் 22-வது மாடியில் தீப்பிடித்தது. மரப் பலகைகளுக்கு மெருகு போட்டவர்கள் விட்டுச்சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகள்தான் காரணம். 18 மணி நேரத்துக்கும் மேல் எரிந்த அந்தத் தீயில் 3 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். துணியை வெளியே ஒற்றையாக விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட தகர டப்பாவில் போடுங்கள். தின்னர், பாலிஷ் டப்பாக்களை ஷெட்டில் சேர்த்துவைக்காதீர்கள். தீயணைப்பான் ஒன்று கதவருகில் இருக்கட்டும்.

மரம் எங்கே வாங்குவது?

கற்றுக்கொள்ளும்போது தேக்கு வேண்டாம். வேம்பு வாங்கலாம், பூச்சி எளிதில் அண்டாது. மாமரம் விலை குறைவு, ஆனால் பூச்சி துளைக்கும். பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் மரம் நன்கு காய்ந்தது, கோணாது. அறுக்கும் முன் ஆணியைத் தேடி எடுத்துவிட வேண்டும். சரக்குப் பெட்டிப் பைன் மரமும் பழகுவதற்கு நல்லது. அதில் ‘ஹெச்.டி’ என்ற ஆங்கில எழுத்து முத்திரை இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது. ‘எம்.பி’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டது, வாங்காதீர்கள்.

கடையில் விலை கன அடிக் கணக்கில் சொல்வார்கள். நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. 6 அடி நீளம், 6 அங்குல அகலம், 2 அங்குல கனம் என்றால் அரை கன அடி. கணக்குத் தெரிந்து போனால் ஏமாற மாட்டீர்கள்.

பெரியப்பா முதலில் செய்தது, சமையலறை மேல் தட்டை எட்டுவதற்குப் பெரியம்மா கேட்ட ஒரு முக்காலி. வேப்ப மரம். முதலில் ஒரு கால் லேசாக ஆடியது. ஆசாரி பார்த்துவிட்டு, “நீங்களே கண்டுபிடிங்க சார்” என்று சொல்லிப் போய்விட்டார். பெரியப்பா மூன்று நாள் எடுத்துக்கொண்டு சரிசெய்தார். இப்போது ஆடுவதில்லை, பெரியம்மாவும் ரைஸ் மில் கதையைப் பேசுவதில்லை.

ஆக, பணம் ஒதுக்கும் வரிசை இது: வயரிங், எக்ஸாஸ்ட் ஃபேன், மாஸ்க், கண்ணாடி, மேசை, கிளாம்ப், கைக்கருவிகள், தீயணைப்பான். இவையெல்லாம் முடிந்து மூன்று மாதம் கைப்பழக்கம் ஆன பிறகு மெஷின். அதற்குள் உங்களுக்கு எந்த மெஷின் உண்மையில் தேவை என்று தெரிந்திருக்கும். தேவையே இல்லை என்றுகூடத் தெரிந்திருக்கலாம். உங்கள் தெருவில் ஓய்ந்திருக்கும் ஒரு ஆசாரி இருந்தால், உரிய சம்பளம் கொடுத்து அவரிடம் பத்து நாள் பாடம் கேளுங்கள். எந்த வீடியோவும் உங்கள் பக்கத்தில் நின்று, “கையை எடுங்க சார்” என்று சொல்லப்போவதில்லை.